ரெண்டாவது இழுப்பு: தாடி வழிப்பதும் பரு வரும் தோலும்

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சலூன். கச்சான் காற்று அடிக்கும் மாதம். காலை பத்து மணிக்கே மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. என் முறைக்காக வாங்கில் காத்திருந்தேன். கதிரையில் இருந்த பொடியனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மறுநாள் அக்காவின் கல்யாணமாம். சலூன்காரர் மேலிருந்து கீழாக ஒரு தரம் வழித்து முடித்தார். முகம் நன்றாகத்தான் இருந்தது. பிளேட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, கீழயிருந்து மேல ஒருக்கா எடுக்கட்டா? அப்பதான் மொழுமொழெண்டு இருக்கும்."

"எடுங்கண்ணே."

இடதுகை விரலால் கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்து, சங்குக்குழியிலிருந்து நாடி வரைக்கும் பிளேட்டை மேலே ஏற்றினார். ஏற்கெனவே சிவந்திருந்த பருக்களில் மூன்றின் தலை அறுந்து, புள்ளி புள்ளியாக இரத்தம் வந்தது. படிகாரக் கட்டியை நனைத்து அதன்மேல் தேய்த்தார். பிறகு உள்ளங்கை நிறைய ஆஃப்டர் ஷேவ். பொடியன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

கல்யாணப் படத்தில் அவர் முகம் வடிவாகத்தான் இருந்திருக்கும். மூன்றாம் நாள் அந்தக் கழுத்து எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வயதிலிருந்து முப்பது வரை நான் அப்படித்தான் வழித்துக்கொண்டிருந்தேன். கொப்புளம் வந்தால் இன்னும் நன்றாக வழிக்கவில்லை என்று நினைத்து, இன்னும் அழுத்தி வழித்தேன். பரு வரும் தோல் உள்ளவர் தாடி வழிக்கவே கூடாது என்றில்லை. கெடுதி பெரும்பாலும் அந்த ரெண்டாவது இழுப்பில் இருக்கிறது. கன்னத்தைத் தடவினால் ஒன்றுமே தட்டுப்படக் கூடாது என்று நாம் கேட்கிறோம். தோலால் தாங்க முடியாதது அந்தக் கேள்விதான்.

ஏன் என்று விளங்க, மயிர்க்கால் ஒன்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மயிரும் தோலுக்குள் ஒரு சிறு குழாயில் நிற்கிறது. அந்தக் குழாயின் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண் ஹார்மோன் ஏறியதும் சுரப்பி பெருத்து எண்ணெயைக் கூட்டுகிறது. குழாயின் உட்சுவரில் உதிரும் செல்கள் அந்த எண்ணெயோடு ஒட்டி வாயை அடைக்கின்றன. அடைப்புக்குள் கியூட்டிபாக்டீரியம் அக்னஸ் என்ற பக்டீரியா பெருகுகிறது. அது எல்லார் தோலிலும் சாதாரணமாக இருப்பதுதான். அடைப்புக்குள் பெருகும்போது உடல் அதை எதிர்த்துச் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கட்டுகிறது. இதுதான் முகப்பரு. மூக்கு, நெற்றி, கன்னம், தாடை, நெஞ்சு, முதுகு என்று எண்ணெய்ச் சுரப்பி அதிகம் உள்ள இடமெல்லாம் வரும். அழுக்கால் வருவது இல்லை. "முகத்தைக் கழுவுறேல்லையா?" என்று பிள்ளைகளைக் கேட்கும் பெற்றோருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே, ஒரு நாளைக்கு ஆறு தரம் சவர்க்காரம் போட்டு முகத்தைப் புண்ணாக்கிய பொடியன்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் தாடிப் பகுதியில் வருவதெல்லாம் முகப்பரு இல்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "பரு" என்று ஒரே பேர்தான். அந்த ஒரே பேரால்தான் மருந்தும் பிழையாகிப்போகிறது.

கண்ணாடி முன் நின்று, கைபேசி வெளிச்சத்தைக் கழுத்தின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சில கொப்புளங்களில், மெல்லிய பொலித்தீனுக்கு அடியில் கறுப்பு நூல் ஒன்று வளைந்து கிடப்பது போல மயிர் தெரியும். வெட்டுப்பட்ட மயிர் வெளியே வராமல், அல்லது வந்து வளைந்து, திரும்பத் தோலுக்குள் குத்தியிருக்கிறது. உடல் அதை முள் ஏறியதாகவே எடுத்துக்கொள்கிறது. இது உள்வளர்ந்த மயிரால் வரும் கொப்புளம். கழுத்திலும் தாடை ஓரத்திலும்தான் அதிகம், வழித்த ரெண்டாம் மூன்றாம் நாள் எழும்பும், மூக்கிலும் நெற்றியிலும் வராது. முகப்பருவில் வரும் கரும்புள்ளியோ வெண்புள்ளியோ இதன் பக்கத்தில் இருக்காது. சுருட்டை மயிர்க்காரருக்கு இது கூட. அமெரிக்க இராணுவத்தில் கறுப்பின வீரர்களுக்கு இது அதிகம் என்பதால், தினமும் வழிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து வைத்தியர் விலக்குக் கொடுக்கும் நடைமுறையே அங்கே நெடுங்காலம் இருந்தது, 2025இல் அதை இறுக்கினார்கள். நமக்கு அவ்வளவு சுருள் இல்லை. ஆனாலும் நம் தாடி மயிர் தடிப்பு, கழுத்தில் படுத்து வளர்வது, அதனால் நாமும் தப்புவதில்லை.

இன்னொன்று, மயிர்க்காலில் கிருமி புகுவது. ஒவ்வொரு மயிரையும் நடுவில் வைத்துச் சின்னச் சின்ன சீழ்த் தலை வரும், தொட்டால் நோகும். ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற பக்டீரியாவின் வேலை பெரும்பாலும். பழைய பிளேட், பலர் பாவித்த துவாய், வழிக்கும்போது வரும் கீறல், இவைதான் வாசல். வேர்வை நேரத்தில் மலசீசியா என்ற ஒரு வகைப் பூஞ்சணத்தாலும் இப்படிக் கொப்புளம் வரும். எல்லாம் ஒரே அளவு, சொறிச்சல் கூட. படர்தாமரை தாடிக்குள் ஏறினால் வட்டமாகப் பரவி, மயிர் இலகுவாகக் கழன்று வரும். பருவுக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கில் பூஞ்சணம் அடங்காது. வேறு மருந்து வேண்டும்.

ஒரே ஆளுக்கு இதில் ரெண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான். கன்னத்தில் இருந்தது முகப்பரு, கழுத்தில் இருந்தது முழுக்க உள்வளர்ந்த மயிர். பன்னிரண்டு வருடம் ரெண்டுக்கும் ஒரே கிறீமைப் பூசினேன்.

சரி, ரேசருக்கு வருவோம். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர், மழுங்கினால் வீசிவிட்டு வேறு பிளேட் போடும் ரேசருக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். அதில் ஒரே ஒரு பிளேட்தான். 1971இல் அதே நிறுவனம் இரட்டை பிளேட் ரேசரைக் கொண்டுவந்தது. 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. பிளேட் கூடக் கூட வழிப்பு நன்றாக இருக்கும் என்பதுதான் விளம்பரம். வழிப்பு நெருக்கமாக இருக்கும் என்பது உண்மையும்தான். முதல் பிளேட் மயிரைப் பிடித்துச் சற்று மேலே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேட் இன்னும் கீழே வெட்டுகிறது. பிறகு மயிர் சுருங்கி உள்ளே போகிறது. வெட்டிய முனை இப்போது தோல் மட்டத்துக்குக் கீழே. அதனால்தான் கன்னம் அப்படி வழுக்குகிறது.

தாடி மயிர் ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டருக்கு உட்பட்டுத்தான் வளரும். தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட முனை திரும்ப மேலே வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த முனை சாய்வாக, ஊசி போல வெட்டப்பட்டிருக்கிறது. நேரே வந்தால் பிழைத்தது. பக்கச் சுவரில் குத்தினால் அங்கேயே கொப்புளம். எதிர்ப்போக்கில், தோலை இழுத்துப் பிடித்து ரெண்டாம் தரம் எடுக்கும்போது இதே காரியம்தான் ஒற்றைப் பிளேட்டாலும் நடக்கிறது. இதில் சலூன்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மொழுமொழுவென்று வழிக்காவிட்டால் "அண்ணன் சரியா எடுக்கேல்ல" என்று அடுத்த சலூனுக்குப் போகிறவர்கள் நாம்தான்.

மயிரின் போக்கைக் கண்டுபிடிப்பது சுலபம். ரெண்டு நாள் வளரவிட்டு, விரலால் பூனையைத் தடவுவது போலத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அதுதான் போக்கு. முள்ளாக முட்டினால் எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கீழ்நோக்கித்தான் இருக்கும். கழுத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறு. குரல்வளை மேட்டுக்கு இரண்டு பக்கமும் பக்கவாட்டில் படுத்திருக்கலாம், சங்குக்குழிக்கு மேலே மேல்நோக்கி வளரலாம், தாடை மூலைக்குக் கீழே உச்சியில் இருப்பது போலச் சுழி இருக்கலாம். எனக்கு இடப்பக்கம் ஒரு சுழி. அந்த ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில்தான் இத்தனை வருடமும் கொப்புளம் வந்தது. முப்பது வயது வரைக்கும் அதை நான் விரலால் தடவிப் பார்த்ததே இல்லை.

வழிப்பதற்கு முன் தண்ணீர் முக்கியம். காய்ந்த தாடி மயிர் கம்பி போல இருக்கும். ரெண்டு மூன்று நிமிடம் நனைந்தால் தண்ணீரைக் குடித்து ஊதி இளகிவிடும், வெட்ட வேண்டிய அழுத்தமும் குறையும். ஆகவே குளித்துவிட்டு வழியுங்கள். வழித்துவிட்டுக் குளிப்பதுதான் நம் வீடுகளில் பழக்கம். மயிரும் அழுக்கும் போகட்டும் என்று அப்படிச் செய்கிறோம், தோலுக்கு அது தலைகீழ். கடலை ஒட்டிய பக்கங்களில் சில கிணறுகளின் தண்ணீர் உவர், கடினமும்கூட. சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படலமாகத் தோலில் தங்கும், அது காய்ந்து இறுக்கும். அப்படியான வீட்டில் இருப்பவர்கள் முகத்துக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் ஒரு வாளி எடுத்துவைத்தால் போதும். குளிக்கிற சவர்க்காரத்தைத் தாடிக்கு நுரைத்து வழிப்பதை விட்டுவிட்டு, வாசமில்லாத ஷேவிங் ஜெல்லோ கிறீமோ பாவியுங்கள். பூசியதும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

பிளேட் மழுங்குவது பற்றிச் சுவையான ஒரு விசயம் உண்டு. உருக்கு, மயிரைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினம். அப்படியிருக்க மயிர் எப்படி பிளேட்டைக் கெடுக்கிறது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். பிளேட் தேய்ந்து மழுங்குவதைவிட, சில இடங்களில் நுண்ணிய சில்லாக உடைகிறது. மயிர் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து வளைந்து வரும்போது, உருக்கின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத விளிம்பில் அது பட்டால், அந்த இடம் தெறிக்கிறது. மரம் அரியும் வாளின் பல் போல, கண்ணுக்குத் தெரியாத அந்த உடைவுதான் ஐந்தாறு தடவைக்குப் பிறகு தோலை இழுத்துக் கிழிக்கிறது. அமெரிக்கத் தோல்நோய் வைத்தியர்களின் கழகம் சொல்வதும் ஐந்து முதல் ஏழு வழிப்புக்கு ஒரு பிளேட் என்பதுதான். தடித்த தாடிக்கு நான் நாலு தரத்தோடு மாற்றிவிடுகிறேன். குளியலறையில் ஈரத்தோடு கிடக்கும் ரேசர் கிருமிக்கும் வீடு. கழுவி, உதறி, வெளியே காய வையுங்கள். விலையைப் பார்த்தாலும், ஐந்து பிளேட் தலை ஒன்றின் காசுக்கு ஒற்றைப் பிளேட்டுகள் நிறைய வாங்கலாம். பரு வரும் தோலுக்கு அந்த மலிவானதே நல்லது.

அதையும்விட நல்லது ட்ரிமர். ஒரு மில்லிமீட்டர் விட்டு எடுத்தால் முனை தோலுக்கு மேலேயே நிற்கும், உள்ளே குத்த வழியில்லை. "ரெண்டு நாள் தாடி" போலத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தோற்றத்தை அனுமதிக்காத வேலை இடங்களும் பாடசாலைகளும் இன்னும் இருக்கின்றன. ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் கழுத்து முழுக்கச் சீழ் கட்டியிருக்கும்போது, கண்டிப்பாக மொழுக்க வழித்துத்தான் வர வேண்டும் என்று அனுப்பிவிடும் ஆசிரியர் அவன் ஒழுக்கத்தைத் திருத்தவில்லை, தோலில் நிரந்தரமாகத் தழும்பு போடுகிறார். வைத்தியரின் கடிதம் ஒன்று இருந்தால் ட்ரிமரோடு விட்டுவிடுங்கள் என்று பெற்றோர் போய்க் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

சலூனில் கவனிக்க வேண்டியது பிளேட் மட்டும் இல்லை. உங்கள் கண் முன்னால் புது பிளேட்டை உடைத்துப் போடும் பழக்கம் இப்போது பரவலாக வந்துவிட்டது, நல்ல விசயம். கல்லீரல் அழற்சி பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும் என்பதால் அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் பிளேட்டை மாற்றிவிட்டு, அதே படிகாரக் கட்டியை, அதே பிரஷ்ஷை, அதே துவாயை அடுத்தவருக்கும் எடுக்கிறோம். இரத்தம் கசிந்த கழுத்தில் தேய்த்த கட்டி அது. கிருமியும், தட்டை மருவும், பாலுண்ணியும் இந்த வழியாகத்தான் ஊர் சுற்றுகின்றன. சொந்தமாகச் சின்னத் துவாய் ஒன்றை மடித்துக் கொண்டுபோனால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பிடரியையும் சொல்ல வேண்டும். பக்கமெல்லாம் ஒட்ட வெட்டி, கீழ்க்கோட்டைப் பிளேட்டால் கீறி எடுக்கும் வெட்டுத்தான் இப்போது காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஓடுகிறது. அந்தக் கோட்டில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வந்தால் சில பேருக்கு அது கட்டியாக இறுகி மயிரில்லாத தழும்பாக மாறிவிடும். அங்கே பிளேட் வேண்டாம், மெஷினோடு நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

வழித்து முடிந்த பிறகு நாம் பூசுவது இருக்கிறதே, அதில்தான் பாதித் துன்பம். படிகாரம் இரத்தத்தை நிறுத்தும், தோலை இறுக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. பருவை அது ஆற்றாது. அல்கஹோல் நிறைந்த ஆஃப்டர் ஷேவ் எரிவதைக் "கிருமி சாகுது" என்று எங்கள் அப்பாக்கள் சொன்னார்கள். எரிவது அறுந்த தோல். டெட்டோல் கலந்த தண்ணீரும் அதே வகை. எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது தேசிக்காயைத்தான். வழித்த தோலில் தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்கினால், சாற்றில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும். அடுத்த நாள் சிவந்து, சிலவேளை கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். மட்டக்களப்பு வெயிலில் இதைச் செய்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வாழைச்சேனை போய் வந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் விசயத்தில் வீட்டில் சண்டை வரும், எனக்குத் தெரியும். அதில் பாதியளவு லோரிக் அமிலம். அந்த அமிலம் பருப் பக்டீரியாவைக் கொல்வதை ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் இணையத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் பிரித்தெடுத்த அமிலம் வேறு, முழு எண்ணெய் வேறு. எண்ணெய் மயிர்க்காலின் வாயை அடைக்கும் பட்டியலில் தேங்காய் எண்ணெய் மேலே இருக்கிறது. மலசீசியாப் பூஞ்சணத்துக்கும் அப்படியான கொழுப்பமிலம்தான் சாப்பாடு. தலைக்கு வையுங்கள், கை காலுக்குப் பூசுங்கள், பரு வரும் தாடைக்கு வேண்டாம். தலைக்கு வைத்த எண்ணெய் தலையணை உறை வழியாகக் கன்னத்துக்கு வருவதையும் மறக்க வேண்டாம். வழித்த பிறகு குளிர்ந்த தண்ணீர், மெல்லத் துவாயால் ஒற்றி எடுத்தல், வாசமில்லாத லேசான மொய்ஸ்சரைசர். இவ்வளவு போதும். எண்ணெய்த் தோலுக்கு எதற்கு மொய்ஸ்சரைசர் என்று கேட்பார்கள். வழிக்கும்போது தோலின் மேற்படையும் சேர்ந்து சுரண்டுப்படுகிறது, அந்தக் காவலைத் திரும்பக் கட்டத்தான்.

வழிக்காமல் தாடி வைத்திருப்பவர்களுக்கு வருகிறேன். தாடி பருவை உண்டாக்காது. ஆனால் மூடி மறைக்கும், எண்ணெயையும் வேர்வையையும் பிடித்து வைக்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நிந்தவூரிலும் சுன்னத்தாக, அதாவது நபிவழியாகத் தாடி வைத்திருக்கும் சகோதரர்கள், தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது முகத்தைக் கழுவித் தாடியைக் கோதி விடுகிறார்கள். தண்ணீர் தாடிக்குள் அடிவரை போவதால் அது தோலுக்கு நல்லதுதான். அதோடு காலையும் இரவும் மட்டும் மென்மையான ஃபேஸ் வோஷை மயிருக்கு அடியில் உள்ள தோலில் படும்படி தேய்த்துக் கழுவினால் நிறைவு. ஐந்து நேரமும் சவர்க்காரம் வேண்டாம். அத்தரைத் தாடியில் பூசும் பழக்கத்தைத்தான் மாற்றச் சொல்வேன். வாசனை எண்ணெய் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். உடுப்பில் பூசினாலும் மணம் மணம்தான். தாடிக்குள் செதிள் உதிர்ந்து சொறிந்தால் அது தலைப்பொடுகின் உறவு. கீட்டோகொனசோல் ஷாம்பூவைக் கிழமைக்கு ரெண்டு தரம் தேய்த்து, சில நிமிடம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும்.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களிடமும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நேர்த்தி வைத்தால் கத்தி படக் கூடாது. மட்டக்களப்பிலிருந்து இறங்கி, திருக்கோவில் தாண்டி, பொத்துவில் தாண்டி, உகந்தை மலை முருகனைக் கும்பிட்டுக் குமணைக் காட்டுக்குள் நுழைந்து, ஆடித் திருவிழா முடிந்து வீடு வரும்போது கன்னத்தில் ஒரு மாதத் தாடி நிற்கும். எங்கள் வீதியில் ஒருவருக்கு வருடம் முழுக்கக் கழுத்து சிவந்தே இருக்கும், நடைப்பயணம் முடிந்து வரும்போது மட்டும் தெளிந்திருக்கும். உள்வளர்ந்த மயிருக்கு வைத்தியர்கள் முதலில் சொல்வதும் நாலு கிழமைக்குக் குறையாமல் வழிப்பை நிறுத்து என்பதுதான். அதற்குள் மயிர் வளர்ந்து, வில் போல நிமிர்ந்து, தானாகவே தோலை விட்டு வெளியே வருகிறது. முதல் ஒரு கிழமை இன்னும் மோசமாகத் தெரியும், பொறுக்க வேண்டும். இடையில் வெதுவெதுப்பான ஈரத் துணியை ஒற்றி, வளையம் மேலே தெரிந்தால் சுத்தமான ஊசி முனையால் நிமிர்த்தி மட்டும் விடலாம். பிடுங்கினால் அடுத்த மயிர் இன்னும் ஆழத்தில் குத்தும். நேர்த்தி முடிந்து சலூனுக்குப் போகும் நாளில்தான் அவர் பிழை விட்டார். ஒரு மாதத் தாடியை ஒரே இருப்பில் மொழுக்க எடுத்தார். மெஷினால் குறுக்கி அதோடு விட்டிருந்தால் அந்தத் தெளிவு தங்கியிருக்கும்.

ஹெல்மெட்டின் நாடிப் பட்டியும் ஒரு காரணம், அதை யாரும் நினைப்பதில்லை. வேர்வையில் ஊறிய பட்டி தாடை ஓரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். கிழமைக்கு ஒருக்கா கழற்றிக் கழுவிக் காய வையுங்கள். சாப்பாட்டில், சீனியும் தீட்டிய மாவும் அதிகமானால் பரு கூடும் என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. ஜிம்முக்குப் போகிற பொடியன்கள் குடிக்கும், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் மாவிலும் சந்தேகம் உண்டு. இறாலையும் கணவாயையும் "சூடு" என்று ஒதுக்குவதால் பரு குறைவதை நான் கண்டதில்லை.

மருந்துக் கதைக்கு வந்தால், பென்சோயில் பெரொக்சைட் என்ற பூச்சு மருந்து லேசான பருவுக்கு நல்ல துணை. 2.5 வீதமே போதும். 10 வீதம் எடுத்தால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை, எரிச்சல்தான் கூடும். துவாயையும் தலையணை உறையையும் வெளிற வைக்கும், வெள்ளைத் துணியைப் பாவியுங்கள். அடபலீன் 0.1 வீத ஜெல்லை இரவில், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லப் பூசுவது அடைப்பையே குறைக்கும். உள்வளர்ந்த மயிருக்கும் உதவலாம். ஆனால் பன்னிரண்டு கிழமை பொறுக்க வேண்டும், முதலில் தோல் காய்ந்து உரியும், வழித்த அன்று இரவு பூசாமல் விடுவது நல்லது. அன்டிபயோட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும். ஐசோட்ரெட்டினோயின் குளிசை வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும். அதை எடுக்கும் காலத்தில் தோல் காகிதம் போல இருக்கும், வக்ஸ் பண்ணுவது கூடவே கூடாது, வழிப்பதும் ட்ரிமரோடு நிற்கட்டும்.

ஸ்டெரொய்ட் கிறீமைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இருபத்தைந்து வயதில் ஒரு மருந்துக்கடையில் "பருவுக்கு ஏதாவது" என்று கேட்டபோது சின்ன டியூப் ஒன்றைத் தந்தார்கள். மூன்று நாளில் சிவப்பு எல்லாம் போய் முகம் பளிச்சென்று ஆனது. சந்தோசத்தில் அஞ்சு மாதம் பூசினேன். நிறுத்தியதும் முகம் முழுக்கச் சிறு சிறு சீழ்க் கொப்புளம், வெயிலில் நின்றால் நெருப்பு. அது பெட்டாமெதசோன் என்ற ஸ்டெரொய்ட் என்று தோல் வைத்தியர் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்டெரொய்ட் சிவப்பை அமுக்கும், தோலை மெலியவைக்கும், தானே புதுப் பருவைக் கொண்டுவரும், படர்தாமரையை உருமாற்றி ஒளித்துப் பரவவிடும். வைத்தியர் எழுதாமல் எந்த ஸ்டெரொய்டும் முகத்துக்கு வேண்டாம், உறையில் உள்ள பேரை வாசித்துப் பாருங்கள். முகம் வெளுக்க வைக்கும் கிறீம்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நோகும் பெரிய கட்டி, குழி விழும் தழும்பு, வட்டமாகப் பரவும் சொறி, தாடை ஓரத்தில் தடித்து வளரும் தழும்பு, காய்ச்சலோடு வரும் வீக்கம் இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் தோல் கிளினிக் இருக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை. பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். "பருவுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்ற வெட்கத்தில்தான் நம் ஆண்கள் தாமதிக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அம்மாமார் கூட்டிப் போகிறார்கள், பொடியன்களை யாரும் கூட்டிப் போவதில்லை.

பரு போன பிறகு நிற்கும் கறுப்புப் புள்ளி நம் நிறத்துத் தோலில் மாதக்கணக்கில் நிற்கும். அது தழும்பு இல்லை, நிறம் மட்டும்தான், மெல்ல மெல்லப் போகும். கிள்ளாமல் இருப்பதும், வெயிலுக்கு முன் சன்ஸ்கிரீன் பூசுவதும் அதை விரைவாக்கும். உள்வளர்ந்த மயிரின் புள்ளியை மருந்தால் வெளுக்க வைத்துக்கொண்டே எதிர்ப்போக்கில் வழித்தால், ஒரு கையால் அள்ளி மறு கையால் ஊற்றுவதுதான்.

அன்று அந்தப் பொடியன் எழும்பிப் போனதும் கதிரையில் நான் இருந்தேன். சலூன்காரர் என் நாடியைப் பிடித்துத் திருப்பினார். "அண்ணே, மெஷின்ல ஒண்டு போட்டு எடுங்க. கழுத்தில இந்தச் சுழிக்குப் பிளேட் வேணாம்" என்றேன். அவர் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். "ஓ, இஞ்ச சுத்தி வளருதே. முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி, எனக்கும் வேலை லேசு" என்று சொல்லிவிட்டு மெஷினை எடுத்தார்.